எலானோவும் என் பிள்ளையின் காலும்

கால்பந்து என்றதும், 'இது ஆம்பிளைகள் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! வீட்டில் ஓடியாடும் வயதில் ஒரு பிள்ளை இருந்தால், என்றைக்காவது ஒரு நாள் காலை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கத்தான் போகிறது. போன மாதம் என் பிள்ளை அப்படித்தான் வந்து நின்றான். பிளஸ் ஒன் படிக்கிறான். கணுக்கால் பிசுக்கி, பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"காலை உடைச்சுக்கறதுக்கா பெத்து வளர்த்தோம்? நாளையிலேருந்து பந்தைத் தொடக் கூடாது!" என்றார் மாமியார். "இவன் என்ன எலானோ ஆகப் போறானா?" என்றார் என் வீட்டுக்காரர்.

எலானோ யார் என்று கேட்கிறீர்களா? 2014-ல் ஐ.எஸ்.எல். போட்டி ஆரம்பித்தபோது, நம் ஊருக்குச் 'சென்னையின் எஃப்.சி.' என்று ஒரு குழு வந்ததே, அதில் ஆடிய பிரேசில்காரர். முதல் ஆட்டத்திலேயே கோவாவில் கோல். அடுத்தது தீபாவளிக்கு முதல் நாள், அக்டோபர் 21, நேரு ஸ்டேடியத்தில் கேரளாவோடு. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிப் பார்க் டவுனில் இறங்கிப் போய்விட்டார்கள். நானும் என் நாத்தனாரும் ரிப்பன் பக்கோடா பிழிந்துகொண்டே டி.வி.யில் பார்த்தோம். எலானோ ஒரு கோல் போட, நம்மவர்கள் 2-1 என்று ஜெயித்தார்கள். அந்த வருஷம் அவர் நடுவில் காயம் பட்டுச் சில ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். அப்படியும் 8 கோல் போட்டு, அதிக கோல் போட்டவருக்கான பரிசை வாங்கினார்.

அப்போது அவருக்கு வயது 33. கால்பந்தில் அது தாத்தா வயது! 'ஐரோப்பாவில் ஓய்ந்தவர்களெல்லாம் இங்கே பணம் பண்ண வருகிறார்கள்' என்று கேலி பேசியவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் கதையைக் கேளுங்கள்.

சாவோ பாலோ மாநிலத்தில், கரும்பு விளையும் பூமியில், இராசெமாபோலிஸ் என்ற சின்ன ஊரில் 1981 ஜூன் 14-ல் பிறந்தவர். பெலே ஆடிப் புகழ்பெற்ற சான்டோஸ் குழுவில் சேர்ந்து, 2002-லும் 2004-லும் பிரேசில் சாம்பியன். 2005-ல் உக்ரைன் நாட்டு டோனெட்ஸ்க் நகரத்துக்குப் போனார். நம் நெய்வேலி மாதிரி நிலக்கரி ஊர். குழுவின் பெயரே 'ஷக்தார்', அதாவது சுரங்கத் தொழிலாளி! வெயிலில் வளர்ந்த பிள்ளை அந்தப் பனியில் எப்படித்தான் இருந்தாரோ, அவரைப் பெற்றவளுக்குத்தான் தெரியும். 2007-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி. முதல் வருஷம் கொண்டாட்டம். மறு வருஷம் முதலாளி மாறி, மானேஜரும் மாறி, இவருக்கு இடம் குறைந்தது. 2009-ல் துருக்கியின் கலாதாசராய்க்குப் போனார்.

பிறகு 2010. தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை. 29 வயது முடிந்த மறுநாள், ஜூன் 15-ல், வட கொரியாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். போட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா? முழங்காலுக்குக் கீழே, எலும்பில் அடி படாமலிருக்கக் கட்டிக்கொள்ளும் காப்பு இருக்கிறதே, 'ஷின் கார்டு' என்பார்கள், அதைக் கழற்றிக் காட்டினார். அதில் அவருடைய பெண் குழந்தைகளின் பெயர்கள்! பட்டம், பதக்கம் எல்லாம் மறந்தாலும் இது எனக்கு மறக்காது.

அடுத்த ஆட்டம் ஐவரி கோஸ்ட்டுடன், ஜூன் 20. அதிலும் ஒரு கோல். சில நிமிஷம்தான். எதிராளியின் கால் வந்து அவர் காலில் பலமாக விழ, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். எலும்பு முறியவில்லை. ஆனாலும் அந்த உலகக் கோப்பையில் அவரால் மறுபடி ஆட முடியவில்லை. கால் இறுதியில் நெதர்லாந்திடம் பிரேசில் தோற்றதை வெளியே இருந்து பார்த்தார். வாழ்நாளில் வந்த நல்ல வேளை, பத்துப் பதினைந்து நாளில் போயிற்று!

அதோடு மூலையில் உட்காரவில்லை, பாருங்கள். மறுபடி சான்டோஸுக்கே போனார். 2011-ல் இளைஞன் நெய்மாரோடு ஆடி, தென் அமெரிக்காவின் பெரிய கோப்பையான லிபர்டடோரெஸை ஜெயித்தார். பெலே காலத்து 1963-க்குப் பிறகு அந்தக் குழுவுக்கு அது அப்போதுதான் கிடைத்தது. அடுத்த மாதமே கோப்பா அமெரிக்காவில், பராகுவேக்கு எதிரான பெனால்டியைக் கோட்டை விட்டார். (அன்று பிரேசில்காரர்கள் அடித்த நாலுமே வீண். அதில் ஒன்று இவருடையது.) ஏறுவதும் இறங்குவதுமாக இப்படித்தான் போயிருக்கிறது.

அந்தக் கால்கள்தான் சென்னைக்கு வந்தன. 2015-ல் மறுபடி வந்தார். அந்த டிசம்பர் வெள்ளம் யாருக்கு மறக்கும்? அடையாறு கரை புரண்டு, ஊரே தத்தளித்தது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேயில் வைத்தார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்து, டிசம்பர் 20-ல் கோவாவையும் 3-2 என்று தோற்கடித்து, கோப்பை நம் ஊருக்கு வந்தது. வீட்டுக்குள் வந்த சேற்றை அலம்பி முடிக்காத ஜனங்களுக்கு அது எவ்வளவு ஆறுதல்! 2016-ல் சான்டோஸிலேயே ஆடி ஓய்வு பெற்றார். மறு வருஷம் அதே குழுவுக்குக் கொஞ்ச நாள் பயிற்சியாளராகவும் இருந்தார்.

என் பிள்ளை எலானோ ஆகப் போவதில்லை. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் ஒரு வீக்கத்துக்காக விளையாட்டையே நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. காலைத்தான் சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார், நீவி விட. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுளுக்கு விழுந்த முதல் இரண்டு நாள் நீவுவதும், வெந்நீர் ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிஷம் வைத்து எடுத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி வைக்க வேண்டும். கிரேப் பாண்டேஜை விரல்கள் நீலம் பாரிக்காத அளவுக்குச் சுற்றி, இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியில் வளர்கிற மென்மையான பகுதி ஒன்று உண்டு. அங்கே அடி பட்டால் வெளிப் பார்வைக்குச் சுளுக்கு மாதிரியே இருக்கும்.

இவனுக்கு எலும்பில் ஒன்றுமில்லை. ஆறு வாரம் ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நாலு வாரம் ஆயிற்று. வலி போய்விட்டதென்று ஐயா நேற்றே பூட்ஸைத் துடைக்க ஆரம்பித்தாச்சு! "மீதி ரெண்டு வாரமும் ஒத்தைக் கால்ல நின்னு பழகணும், அதுக்கப்புறம்தான் மைதானம்" என்றேன். டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சி அது. பிசகின காலுக்குப் பலம் வருவதற்கு. பல் தேய்க்கும்போது வலது காலில் ஒரு நிமிஷம், இடது காலில் ஒரு நிமிஷம். பாண்டி பஜாரில் புது ஷின் கார்டு வாங்கி, பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகியிருக்கிறேன்.