அரை மணி நேரத்தில் மரியோ!

(இரண்டாமாண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நம் பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோதே, "கவிதை மட்டும் வேண்டாம்டா தம்பி, ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கெடக்குது" என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் கவிதையே வராதே! தெரிந்தது இரண்டு. ஒன்று, தறிக்குத் தார் சுற்றுவது. இன்னொன்று, மரியோ ஆடுவது. தார் சுற்றுவதை எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே மரியோ.

"இந்தக் காலத்துல போய் மரியோவா?" என்று செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிற கூட்டம் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். 1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட்தான். நீங்கள் எடுக்கும் ஒரு செல்ஃபி அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த நாற்பதுக்குள் 8 உலகம், உலகத்துக்கு 4 வீதம் 32 ஸ்டேஜ், பாட்டு, படம் எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்கள்.

நான் ஏழாவது படிக்கும்போது மாமா சந்தையிலிருந்து ஒரு பழைய டி.வி. கேம் பெட்டி வாங்கி வந்தார். அன்றிலிருந்து இன்று வரை எனக்குக் கிடைப்பது தினமும் அரை மணி நேரம்தான். ஆறரைக்குத் தார் சுற்றி முடிப்பேன், ஏழு மணிக்கு அம்மாவின் சீரியல். இந்த விளையாட்டில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. கரண்ட் போனால் போனதுதான், மறுபடியும் 1-1. ஆகவே இது நாள் பூராவும் ஆடுபவர்களுக்கான கட்டுரை அல்ல. என்னைப் போல அரை மணிக்காரர்களுக்கு.

முதலில் விரல் பழக்கம். பி பட்டனை அழுத்திக்கொண்டே இருங்கள். அது ஓட்டம். ஓடும் வேகம் கூடக் கூடத் தாவும் உயரமும் கூடும். ஏ பட்டனைத் தட்டினால் சின்னத் தாவல், பிடித்துக்கொண்டால் பெரிய தாவல். ஒரு கட்டை அகலமே உள்ள பள்ளம் வந்தால் தாவவே வேண்டாம், பி-யை விடாமல் ஓடினால் மரியோ மேலேயே கடந்துவிடுவார். குழாயிலிருந்து வருகிற கடிக்கும் செடிக்கு ஒரு பலவீனம் உண்டு. குழாயை ஒட்டி நின்றால் அது வெளியே வராது. பயந்து தள்ளி நிற்பவனைத்தான் கடிக்கும்!

இந்த இடத்தில் எங்கப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களூர் சென்னிமலை. அப்பா ஜக்கார்டு தறியில் பெட்ஷீட் நெய்கிறவர், மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பெட்டி வந்த முதல் நாள் பின்னால் நின்று பார்த்தவர், "ஏண்டா கண்ணு, மேல போற மேகமும் கீழ இருக்கற செடியும் ஒரே டிசைனுதான? நூல் கலர்தான வேற?" என்றார். நான் நம்பவில்லை. ஆட்டத்தை நிறுத்தி உற்றுப் பார்த்தேன். உண்மைதான்! மேகத்தின் படத்தையே பச்சையடித்துச் செடியாக வைத்திருக்கிறார்கள். இடத்தை மிச்சம் பிடிக்கும் தந்திரம். பிறகு அப்பா, "உள்ளார யாருடா இருந்து இத ஆட்டறது?" என்று கேட்டார். "தெரியலீங்ப்பா" என்றேன். அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

சரி, நம் அரை மணிக்கு வருவோம். 1-1 ஐ எல்லோரும் முடிப்பார்கள். 1-2 என்பது பாதாள ஸ்டேஜ். அதன் கடைசியில் மேலும் கீழும் போகிற லிஃப்ட்டுகள் வரும். அதில் ஏறி மேல்கூரைச் செங்கல்மீது தாவிவிடுங்கள். கூரைமேலேயே வலது பக்கம் ஓடினால் வெளியே போகும் குழாயைத் தாண்டி ஓர் அறை வரும். அங்கே 4, 3, 2 என்று மூன்று குழாய்கள். எல்லோரும் ஆசைப்பட்டு 4-க்குள் குதிக்கிறார்கள். என் கட்சி 3. காரணம் 3-1.

3-1ன் முடிவில் கொடிக்கம்பத்துக்கு முன்னால் ஒரு படிக்கட்டு. அதில் ஆமைகள் இறங்கி வரும். ஆமை ஒரு படியில் இருக்கும்போது கீழ்ப்படியிலிருந்து தாவி அதன்மேல் குதியுங்கள். சரியாகக் குதித்தால் ஓடு படிச்சுவரில் மோதித் திரும்பும், மரியோ மறுபடி அதன்மேலேயே விழுவார். 100, 200, 400, 500 என்று ஏறி 8000 வரை போகும். அதற்குமேல் ஒவ்வொரு குதிக்கும் ஒரு உயிர்! எனக்கு இது கைவர இரண்டு மாதம் ஆனது. உயிர் பத்தைத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் கிரீடமும் புரியாத குறியும் தெரியும், பயப்பட வேண்டாம்.

ஆனால் பேராசை கூடாது. ஒருநாள் லீவில் ஒரு மணி நேரம் குதித்துக்கொண்டே இருந்தேன். நூற்றைம்பதாவது இருக்கும். பிறகு ஒரு பள்ளத்தில் விழுந்தேன். கேம் ஓவர்! பெட்டி பழுது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன், என் தங்கச்சி அழுதேவிட்டாள்.

அதன் காரணம் போன வருடம்தான் புரிந்தது. மைக்ரோபிராசசர் முதல் டெஸ்டில் எனக்கு 50-க்கு 14. சைன் ஃபிளாக் கேள்விக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பேப்பரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது திடீரென்று உறைத்தது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது 6502 வகையைச் சேர்ந்த 8 பிட் சிப், நம் 8085க்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி. மரியோ செத்ததும் புரோகிராம் உயிரில் ஒன்றைக் கழித்து, விடை மைனஸா என்று மட்டும் பார்க்கிறது. 127 என்பது 01111111. 128 என்பது 10000000. முதல் பிட் 1 ஆனதும் சிப்புக்கு அது மைனஸ். நூற்றைம்பது உயிர் வைத்திருந்தவனைக் கடன்காரன் என்று நினைத்து ஆட்டத்தை முடித்துவிட்டது! ஆகவே நாற்பது, ஐம்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். "நம்ம ஜக்கார்டு அட்டையாட்டம்தானுங்ப்பா. ஓட்டை இருந்தா இழை தூக்கும், இல்லீன்னா தூக்காது. இதுல ஓட்டைக்குப் பதிலு ஒண்ணு, சைபர். உள்ளார ஆரும் இல்லீங்ப்பா, அட்டைதான்."

அப்பா நாடாவை நிறுத்தினார். "அப்ப நீ படிக்கறது அட்டை அடிக்கறதா?"

"ஆமாங்ப்பா."

பத்தாவது முடித்ததும் என்னைத் தறியில் உட்காரச் சொன்னவர் அவர். மேலே ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் தாரை அவரே சுற்றிக்கொண்டார்.

அடுத்தது, பலருக்குத் தெரியாத ஒன்று. எல்லா உயிரும் போய் கேம் ஓவர் ஆனாலும் பெட்டியை அணைக்காதீர்கள். தலைப்புப் படம் வந்ததும் ஏ-யை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் கொடுங்கள். செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்தே ஆரம்பிக்கலாம். இது தெரியாமல் நான் மூன்று வருடம் 1-1 ஆடியிருக்கிறேன்!

மூன்றாம் உலகத்தை முடித்தால் 4-1. பிறகு 4-2ல் லிஃப்ட்டுகளைத் தாண்டி வரும் மூன்று செங்கல்லில் ஒன்றை முட்டினால் ஒரு கொடி வளரும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கட்டைகளும் உண்டு, தாவித் தாவித் தேடுங்கள். கொடியில் ஏறிப் போனால் 8, 7, 6 எழுதிய குழாய்கள். நேராக 8. அங்கே ஐம்பது உயிரும் தேவைப்படும், குறிப்பாக 8-3ல் சுத்தியல் எறிபவர்களிடம். 8-4 ஒரு சுற்றுவழிக் கோட்டை. பார்த்த இடமே திரும்ப வந்தால் தப்பான குழாய் என்று அர்த்தம். கடைசி ராட்சதனிடம் சண்டை போடாதீர்கள். அவன் தாவும்போது அடியில் ஓடிப்போய்ப் பின்னாலிருக்கும் கோடரியைத் தொட்டால் பாலம் அறுந்துவிடும்.

நான் இதுவரை ஒரே ஒரு தடவைதான் முடித்திருக்கிறேன். மணி ஏழு ஐந்து. அம்மா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

முடித்தால் இன்னொரு ஆட்டம் திறக்கும். அதில் பழுப்புக் காளான்களுக்குப் பதிலாக, நெருப்புப் பட்டாலும் சாகாத கருவண்டுகள் வரும். அதில் இரண்டாம் உலகத்தைக்கூட நான் தாண்டவில்லை. தாண்டியவர்கள் நம் கல்லூரியில் இருந்தால் மின்னணுவியல் பிரிவில் வந்து சொல்லுங்கள். சாயங்காலம் ஆறரைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்!