ஒரே பெட்டித் தோட்டா, இரண்டு துப்பாக்கி

மேசைமேல் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே 50 தோட்டாக்கள், குண்டு கீழே பார்க்க அடுக்கியவை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். நீளம் 3 செ.மீ.கூட முழுதாக இல்லை. பயிற்றுநர் அம்மையார் பெட்டியைச் சரிபாதியாகப் பிரித்தார்: 25 கைத்துப்பாக்கிக்கு, 25 கார்பைனுக்கு. தோட்டா ஒன்றேதான், சுடுகிற ஆளும் ஒருவன்தான். கருவி மட்டும் மாறும். அன்றைய பாடமே அவ்வளவுதான் என்றார்.

டெக்ஸாஸில், ஹூஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் வரும் சுடுதளம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, எதிரே குண்டுகளை வாங்கிக்கொள்ள ஏரிக்கரைபோல் உயர்த்திய மண்மேடு. அம்மையார் ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். வயது அறுபதுக்கு மேல். காதுக்குள் பஞ்சடைப்பான், அதன்மேல் காதுமூடி என இரட்டைக் காவல் போடச் சொன்னார். 9 மி.மீ. தோட்டாவின் வெடியோசை 160 டெசிபலை ஒட்டி வரும். 140-ஐத் தாண்டும் ஒற்றை வெடியே செவிநரம்பைக் கெடுக்கப் போதும். கண்ணாடி போட்டாயிற்று. சட்டைக் கழுத்துப் பொத்தானையும் போடச் சொன்னார். வெயிலுக்குப் பயந்து அதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை.

கார்பைன் என்றதும் நம் ஊர் வாசகருக்கு எது நினைவுக்கு வரும்? பெரிய மனிதர்களின் பின்னால் நிற்கும் காவலர் தோளில் தொங்கும் கறுப்புத் துப்பாக்கி. மேகசின் கீழே இல்லாமல் இடப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். பிரிட்டனின் ஸ்டெர்லிங் துப்பாக்கியை வைத்துக் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் செய்தது அது. பெயர் கார்பைன் என்றாலும் இனத்தால் அது சப்-மெஷின் கன். விசையை விடாமல் பிடித்தால் மேகசின் தீரும்வரை பொழியும். டெக்ஸாஸில் என் முன்னால் இருந்தது தின்பதும் அதே 9 மி.மீ. தோட்டாவைத்தான். ஆனால் விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு, மறுபடி இழுத்தால்தான் அடுத்தது. கார்பைன் என்பது பழைய குதிரைப்படைச் சொல். குதிரைமேல் உட்கார்ந்து நீளத் துப்பாக்கியைச் சுழற்ற முடியாது என்பதால் குழலைக் குறைத்துச் செய்த துப்பாக்கிக்கு அந்தப் பெயர்.

தோட்டாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1902 வாக்கில் ஜெர்மனியில் கியார்க் லூகர் தன் கைத்துப்பாக்கிக்காக வடித்தது. நூற்றிருபது ஆண்டுக்கு மேலாகியும் உலகில் அதிகம் புழங்கும் கைத்துப்பாக்கித் தோட்டா இதுதான்.

தொடுவதற்கு முன் நான்கு விதிகள். அரிசோனாவில் 1976-ல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் வகுத்துத் தந்தவை. இன்று அமெரிக்கச் சுடுதளங்களில் பாலபாடம். எந்தத் துப்பாக்கியும் நிரப்பியதுதான் என்று கொள்ள வேண்டும். அழிக்க மனமில்லாத எதன் பக்கமும் குழல் திரும்பக் கூடாது. குறி இலக்கில் நிற்கும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. இலக்கு எது, அதற்கு அப்பால் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மற்றவை காப்பாற்றும்படி கோத்திருக்கிறார்கள். இந்த அமைப்பு எனக்குப் பிடித்திருந்தது. மனிதன் மறப்பான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதிய சட்டம்.

முதலில் கைத்துப்பாக்கி, 10 கஜத் தொலைவில். இரு கையாலும் பிடித்து நீட்டிச் சுட்டேன். காகித இலக்கின் நடுவில் ஒன்றும் இல்லை. குண்டுகள் எல்லாம் கீழே, இடப்பக்கமாகச் சிதறிக் கிடந்தன. குறி கோணல் போலிருக்கிறது என்று கருவியின்மேல் பழியைப் போட்டேன். அம்மையார் பதில் சொல்லவில்லை. மேகசினை வாங்கி, நான் பார்க்காமல் நிரப்பித் தந்தார். இரண்டு வெடித்தன. மூன்றாவதற்கு விசையை இழுத்தேன்; ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். மருந்தில்லாத பொய்த் தோட்டா. வெடிக்காத அந்தக் கணத்தில், என் கையிலிருந்த குழல் தானாக இரண்டு அங்குலம் கீழே முட்டி இறங்கியதை நானே பார்த்தேன். உதை வரும் என்று எதிர்பார்த்து, அது வருமுன்பே மணிக்கட்டு அதை எதிர்த்துத் தள்ளியிருக்கிறது. வெடித்தபோதெல்லாம் இது நடந்திருக்கிறது. வெடி அதை மறைத்துவிட்டது. பயத்தின் கையெழுத்து இப்படித்தான் கீழே இடப்புறம் விழும் என்றார், வலக்கைக்காரர்களுக்கு.

பிறகு கார்பைன். ருகர் நிறுவனத்தின் பிசி கார்பைன், 2017 முடிவில் சந்தைக்கு வந்தது. எடை 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குழலைத் திருகிக் கழற்றி, இரண்டு துண்டாகப் பையில் போட்டுக்கொள்ளலாம். பெரிதாக இருக்கிறதே, அதிகமாக உதைக்குமே என்பதுதான் என் முதல் எண்ணம். புதிதாக வருபவர் எல்லாருக்கும் அதுதான் தோன்றுமாம்.

துப்பாக்கியின் தோள்கட்டையைப் புயத்தில் வைத்துக்கொண்டேன். தப்பு. காறை எலும்புக்கும் தோள்மூட்டுக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் அழுத்தி உட்கார வைத்தார். எலும்பின்மேல் வைத்தால் இரவு எண்ணெய் தேய்க்க வேண்டியிருக்கும். அடுத்து, கழுத்தை நீட்டித் தலையைக் கட்டைக்குக் கொண்டுபோனேன். அதுவும் தப்பு. தலை நிமிர்ந்திருக்க, கட்டை கன்னத்துக்கு வர வேண்டும். இப்போது துப்பாக்கி என்மேல் நான்கு இடத்தில் தொட்டது: தோள், கன்னம், வலக்கை, இடக்கை. கைத்துப்பாக்கியோ இரண்டு உள்ளங்கையை நம்பி அந்தரத்தில் நின்றது.

இலக்கை 25 கஜத்துக்குத் தள்ளிவைத்தார். பத்துச் சுட்டேன். பத்தும் காகிதத்தில், என் உள்ளங்கையால் மூடிவிடும் பரப்பில். பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் வியப்பே இல்லை.

கணக்கைப் பார்த்தால் வியக்க ஒன்றும் இல்லைதான். ஏழரை கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் முன்னே கிளம்புகிறது; பின்னாலேயே வாயு பீறிடுகிறது. முன்னே போகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவு பின்னேயும் வரும். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கைத்துப்பாக்கி, நொடிக்கு 3 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கையை நோக்கிப் பாய்கிறது. 3 கிலோ கார்பைன் அதே உதையை வாங்கிக்கொண்டு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்கிறது. உடம்பில் வந்து சேரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குதான். அதையும் மணிக்கட்டு தாங்குவதில்லை, தோள் தாங்குகிறது.

குறி பார்ப்பதிலும் கார்பைனுக்கே ஆதாயம். கைத்துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 16, 17 செ.மீ. இருக்கும். முன்குறி ஒரு மி.மீ. விலகினால் 25 கஜத்தில் குண்டு சுமார் 14 செ.மீ. விலகும். இரு குறிகளும் 40 செ.மீ. தள்ளியிருக்கும் கார்பைனில் அதே ஒரு மி.மீ. தவறு 6 செ.மீ.க்குள் அடங்கிவிடும். என் கைநடுக்கம் குறையவில்லை. அதைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடிதான் சிறுத்துவிட்டது.

ஆனால் ஓர் உறுத்தல். கணக்குச் சொன்ன அளவுக்கு மென்மையாக இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் தோளில் இரண்டு தட்டு: ஒன்று வெடித்ததும், இன்னொன்று கண்ணிமைக்கும் நேரம் கழித்து. காரணம் கேட்டேன். பழுது பார்த்தவர் அல்லவா, முகம் மலர்ந்துவிட்டது.

பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் குழலும் மேலிருக்கும் ஸ்லைடும் வெடிக்கும் நொடியில் கொக்கி மாட்டியதுபோல் பூட்டியிருக்கும். சில மி.மீ. சேர்ந்தே பின்னால் வந்து, அழுத்தம் இறங்கியபின் குழல் சற்றுச் சாய்ந்து பிடியை விடும். ஜான் பிரௌனிங் தந்துபோன ஏற்பாடு அது. 9 மி.மீ. கார்பைன்களில் பலவற்றில் பூட்டு என்று ஒன்றும் கிடையாது. தோட்டா இருக்கும் அறையின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும் போல்ட் என்னும் இரும்புத் துண்டின் கனமும் பின்னாலிருக்கும் சுருள்வில்லும்தான் காவல். உள்ளே எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் 2,000 மடங்குக்கு மேல். குண்டு குழலைத் தாண்ட ஆயிரத்தில் ஒரு நொடிக்குச் சற்று அதிகம் ஆகும். அதற்குள் தோட்டா உறை சில மி.மீ.க்கு மேல் பின்வாங்கினால் பித்தளை கிழிந்துவிடும். எனவே நகரத் தயங்கும்படி போல்ட்டைக் கனமாகச் செய்கிறார்கள். பூட்டில்லாத வீட்டுக் கதவில் அரிசி மூட்டையைச் சாய்த்து வைப்பதுபோல. எளிய ஏற்பாடு, செலவு குறைவு, கெடுவதற்கும் அதிகமில்லை. விலை என்னவென்றால், அந்தக் கனத்த இரும்பு பின்னால் ஓடிச் சுவரில் மோதும்போது தோளுக்கு இரண்டாவது தட்டு.

இந்தத் துப்பாக்கியின் போல்ட்டுக்குள் டங்ஸ்டன் எடை ஒன்றைத் தளர்வாக வைத்திருக்கிறார்கள். போல்ட் நின்றபின் சற்றுத் தாமதமாக அது வந்து மோதுவதால், அடி ஒரே கூர்மையாக விழாமல் பரவிவிடுகிறது. உள்ளே ஈயச் சன்னம் நிரப்பிய, எகிறாத சுத்தியல் ஒன்று பட்டறைகளில் இருக்கும், அதே தந்திரம். இந்த வசதி இல்லாத எளிய 9 மி.மீ. கார்பைன், அதைவிட மூன்று மடங்கு ஆற்றலுள்ள ரைபிளைப் போலவே உதைப்பதாகச் சொல்லும் சுடுநர் பலருண்டு.

இதைக் கேட்டுவிட்டு மறுபடி சுடத் தொடங்கிய ஐந்தாவது நொடியில், திறந்த கழுத்தின் விலை தெரிந்தது. துப்பாக்கிகள் வெற்றுறையை வலப்பக்கமாகத் துப்பும். என் இடப்பக்கம் சுட்டுக்கொண்டிருந்தவரின் உறை ஒன்று பறந்து வந்து என் சட்டைக்குள் இறங்கியது. அடுப்பிலிருந்து எடுத்த காசை நெஞ்சில் போட்டதுபோல இருந்தது. உடம்பு குதிக்கச் சொல்கிறது. கையிலோ நிரப்பிய துப்பாக்கி. குழல் மேட்டைப் பார்க்கட்டும் என்ற சத்தம் காதுமூடியைத் தாண்டிக் கேட்டது. விரலை எடுத்து, பாதுகாப்புப் பொத்தானை அழுத்தி, கார்பைனை மேசையில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் ஆடினேன். நெஞ்சில் பட்டாணி அளவு தழும்பு. இதற்கு மட்டும் பாராட்டுக் கிடைத்தது.

இடைவேளையில், குழல் ஏன் 16 அங்குலம் என்று கேட்டேன். பதில் இயற்பியலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1934-ல் வந்து பின்னர் திருத்தப்பட்ட அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, தோள்கட்டை உள்ள ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் தனிப்பதிவு வேண்டும். தோட்டாவின் மருந்து அதற்கு முன்பே எரிந்து தீர்ந்துவிடும். கடைசிச் சில அங்குலம் பெரும்பாலும் சட்டத்துக்குக் கட்டும் கப்பம். ஆனாலும் நீண்ட குழலில் குண்டின் வேகம் 350-லிருந்து 400 மீட்டரை எட்டுகிறது. வாயின் வெடிப்பும் முகத்திலிருந்து தள்ளிப்போய், சத்தம் சற்று அடங்கியதுபோல் கேட்கிறது.

கைத்துப்பாக்கிக்கும் நீளத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்பது புதிய யோசனையே அல்ல. 1873-ல் வந்த வின்செஸ்டர் ரைபிளின் தோட்டாவுக்கே சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனமும் ரிவால்வர் செய்துவிட்டது. குதிரையில் போகிறவனுக்கு இடுப்பில் ஒரே வகைத் தோட்டா போதும். இன்றைக்கு இத்தகைய கார்பைனை வாங்குகிறவர்கள் சொல்லும் காரணம் வேறு: தோட்டா மலிவு, ரைபிளை அனுமதிக்காத உள்ளரங்குத் தளங்கள் சில இதை அனுமதிக்கின்றன. ஓடிக்கொண்டே சுடும் போட்டிகளை நடத்தும் அமெரிக்கச் சங்கம் 2016-ல் இதற்கென்று தனிப்பிரிவே திறந்தது.

தூரம் போனால் இதன் சாயம் வெளுக்கும். 50 கஜத்துக்குக் குறியைச் சரிசெய்தால், 100 கஜத்தில் குண்டு சுமார் 15 செ.மீ. தாழ்ந்துவிடும். அதற்கும் அப்பால் இதைக்கொண்டு குறிபார்ப்பது பிடிவாதம். இந்தச் சாதுத்தனத்தைப் பார்த்துவிட்டு இதை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பதும் தப்பு. 1999-ல் கொலம்பைன் பள்ளியில் மாணவர்களைக் கொன்ற ஆயுதங்களுள் ஒன்று 9 மி.மீ. கார்பைன். சுடுகிறவனுக்கு உதை குறைவதால் குண்டு விழும் இடத்தில் எதுவும் குறைவதில்லை. மேசையில் கிடந்த அதைப் பார்த்தபோது அந்த எண்ணம் வந்தது; போகவும் இல்லை.

கடைசி ஐந்து தோட்டா. மேகசினை அவரே நிரப்பித் தந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றும் நடுவில். நான்காவதற்கு விசையை இழுத்தேன்.

‘டிக்.’

குழல் முனை, நெல் அளவுக்கு, கீழே குனிந்து நிமிர்ந்தது. பயம் எங்கேயும் போகவில்லை; 3 கிலோ இரும்பைத் தள்ள அதற்குப் பலம் போதவில்லை, அவ்வளவுதான். அம்மையார் சிரித்துக்கொண்டே, அடுத்த வாரம் கைத்துப்பாக்கி மட்டும்தான் என்றார். ஈயம் ஒட்டியிருக்கும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிட்டுவிடாதே என்று குழாயைக் காட்டினார்.