ஜக்கார்டுத் துருவும் பட்டின் கறையும்

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் மரமே மிகுதி. ஆயினும் கரையிலும் முந்தியிலும் பூவேலையைக் கொணரும் ஜக்கார்டு பெட்டியில் இரும்பின் ஆட்சியே நடைபெறுகிறது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த இக்கருவி, முன்னோர் அடை கட்டிச் செய்த வேலையைத் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு செய்து வருகிறது. பல்லாண்டு உழைத்த பெட்டிகள் நம் அங்கத்தினர் இல்லங்களில் இன்றும் உண்டு. அவற்றைப் பேணும் முறைபற்றிச் சில கூற விரும்புகிறோம்.

இப்பெட்டி பாவுக்கு நேர் மேலே அமைந்துள்ளது என்பதே நம் கவலைக்குக் காரணம். கொக்கியிலும் ஊசியிலும் ஏறிய துரு, மிதியை மிதிக்குந்தோறும் பொடியாக உதிர்ந்து பாவில் விழும். இரும்புக் கறை பட்டிழையைப் பற்றிவிட்டால் சோப்பு நீருக்கு அகலாது. அதைக் கரைக்கும் அமிலமோ, சாயத்தையும் சரிகையையும் கெடுக்கக்கூடும். ஒரு புள்ளிக்காகச் சேலை இரண்டாந்தரமென ஒதுக்கப்படின், பல நாள் உழைப்பின் பயன் குறைகிறதன்றோ?

இரும்பு, ஈரம், காற்று ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு பிறக்கிறது. துருவானது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலேயுள்ள வர்ணத்தை உள்ளிருந்தே தள்ளி உரித்துவிடும். ஆதலால் துருவின் மீதே வர்ணம் பூசுதல் வீண் செலவேயாகும்.

பாவு முடிந்து, புதுப்பாவு பிணைப்பதற்கு முன்னுள்ள நாட்களே இவ்வேலைக்கு உகந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் ஆகாது. தை முதல் பங்குனி வரை நன்று. பட்டையும் சரிகையையும் வேறு அறைக்கு மாற்றிவிட்டுப் பெட்டியைத் தறியிலிருந்து இறக்குக. கழற்றும் பகுதிகளுக்கு வரிசை எண்ணிட்டு வைத்தல் அவசியம். ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறிய துரு, கம்பித் தூரிகைக்கும் உப்புத்தாளுக்கும் எளிதில் இணங்கும். இவ்வேளையில் அருகில் விளக்கோ அடுப்போ இருத்தலாகாது. மெல்லிய சுருள்வில்களை அமிலத்தில் இடவேண்டா. அவை நொறுங்கும் தன்மை அடையக்கூடும். மிகவும் அரித்துப்போனவற்றை மாற்றிவிடுவதே சிக்கனம்.

பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். ஆகவே அதை உலர்ந்தபடி சுரண்டாது நனைத்துத் தேய்த்தலும், மூக்கை நன்கு மூடிக்கொள்ளுதலும், குழந்தைகளை அப்பால் வைத்தலும் வேண்டும்.

பிறகு எண்ணெய்ப் பசை நீங்கத் துடைத்து, அன்றைக்கே சட்டத்திற்கு மட்டும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சும், அது காய்ந்தபின் எனாமல் வர்ணம் மெல்லியதாக இரு பூச்சும் இடுக. ஒன்றோடொன்று உராயும் கொக்கி, ஊசி, தகடு ஆகியவற்றிற்கு வர்ணம் கூடாது; அது உரிந்து பாவில் விழும். இவற்றைத் தையல் இயந்திர எண்ணெய் தோய்ந்த துணியால் தடவி, மிகுதியைத் துடைத்து விடுக. எண்ணெய்த் துளியும் பட்டுக்குப் பகையே. வர்ணத்தின் வாடை முற்றும் அகன்றபின் பெட்டியைத் தறியில் ஏற்றி, முதலில் வெறுந்தறியில் மிதித்துப் பார்ப்பது நலம்.

விவசாய அங்கத்தினருக்கும் இது பொருந்தும். உர உப்பு ஒட்டிய மண்வெட்டியும் கொழுவும் விரைந்து துருவேறும். வேலை முடிந்ததும் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவுதல் போதுமானது.

தூரிகை, உப்புத்தாள், பிரைமர் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனியே வாங்கவேண்டுவதில்லை. சங்கம் ஒரு தொகுதி வாங்கி வைத்து, பாவு முடிந்த வீடுகளுக்கு முறைப்படி வழங்கலாம். இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது காஞ்சிபுரத்திலேயாகும். தனித்து ஆகாததைக் கூடிச் செய்யும் வழி நம் ஊருக்குப் புதியதன்று. அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து முடிவு செய்வார்களாக.