ஒரே கம்பத்தில் இரண்டு இணைப்புகள்

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையை வெள்ளக்காடாக்கிவிட்டு வடக்கே நகர்ந்து, 5ஆம் நாள் ஆந்திரக் கடற்கரையில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. வழியில் திருப்பதி மாவட்டத்திலும் கனமழை கொட்டியது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2021 நவம்பரில் பெய்த பெருமழையின்போது திருமலைப் பாதைகள் மூடப்பட்டன. சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. அந்த ஆற்றின் கரையில்தான் காளஹஸ்தி இருக்கிறது. இத்தகைய நாள்களில் முதலில் போவது மின்சாரம். அதன் பின்னாலேயே இணையம்.

காளஹஸ்தியில் கலம்காரித் துணிகளை வெளியூர்களுக்கு அனுப்பும் சிறு வணிகர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நிறுவனத்தின் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறார். அதற்குரிய சர்வர், கடையின் பின்னறையில் ஒரு சிறு கணினியாக ஓடிக்கொண்டிருக்கிறது. மின்னஞ்சலை வெளி நிறுவனமொன்றிடம் ஒப்படைத்துவிடுவதே பெரும்பாலானோர்க்கு எளிது. எங்களிடம் கேட்டாலும் முதலில் அதையே சொல்வோம். ஆயினும் தம் கடிதங்கள் தம்மிடமே இருக்கவேண்டும் என்று விரும்புவோர் உண்டு. அவ்விருப்பத்தில் தவறேதும் இல்லை. இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் அவர்களே யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வங்கிக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். 2017 ஜூலை 6ஆம் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை நினைவூட்டுகிறோம். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி, மூன்றாம் தரப்பினரின் மீறலால் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், வங்கியின் அறிவிப்பு கிடைத்தபின் மூன்று வேலைநாள்களுக்குள் முறையிட்டவருக்கு இழப்பு ஏதுமில்லை என்கிறது அது. நான்கு முதல் ஏழு வேலைநாள்களுக்குள் முறையிட்டால் ஒரு வரம்பு வரை அவரே இழப்பை ஏற்க வேண்டும். அதற்கும் பிந்தினால், அந்தந்த வங்கியின் கொள்கையே முடிவு செய்யும். அவ்வறிவிப்பு குறுஞ்செய்தியாக உரிமையாளரின் கைப்பேசிக்கும், மின்னஞ்சலாகக் கணக்காளரின் மேசைக்கும் போகிறது. நாள்தோறும் வரவு செலவைச் சரிபார்ப்பவர் கணக்காளர். அவருடைய அஞ்சல்பெட்டி மூன்று நாள் மௌனமாக இருந்தால், யாரும் கவனிக்காமலேயே காலக்கெடு கழிந்துவிடக்கூடும்.

மின்னஞ்சல் பொறுமையுள்ள ஏற்பாடு என்பதையும் சொல்லியாக வேண்டும். பெறுபவரின் சர்வர் பதிலளிக்காவிட்டால், அனுப்பும் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாள்களாவது முயன்று பார்க்க வேண்டும் என்பது இத்துறையின் பொது மரபு. ஆகவே இரண்டு மணிநேர மின்வெட்டில் கடிதம் காணாமற் போகாது, தாமதமாக வரும். ஆனால் சில நிமிடங்களே செல்லுபடியாகும் ஒருமுறைக் கடவுச்சொல் தாமதமாக வந்து என்ன பயன்? வெளியே போகவேண்டிய கடிதங்களும் கடையிலேயே தேங்கி நிற்கும். அந்த நேரத்தில் ஊழியர் தம் சொந்த முகவரியிலிருந்து விலைப்பட்டியலை அனுப்பத் தொடங்குவார். அறிமுகமில்லாத முகவரியிலிருந்து கடையின் பெயரில் கடிதம் வருவது வாங்குவோருக்குப் பழகிப்போகும். பின்னொரு நாள், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் போட்ட போலி விலைப்பட்டியலை மோசடிக்காரர் அனுப்பினால், அவர்கள் ஐயுறமாட்டார்கள்.

எனவே இரண்டாவது இணைப்பு வேண்டும். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். இரு வேறு நிறுவனங்களிடம் சந்தா கட்டிவிட்டால் இரு வழிகள் கிடைத்துவிட்டன என்று எண்ணுகிறார்கள். தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், இரண்டு கண்ணாடியிழைக் கம்பிகளும் ஒரே மின்கம்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். 2017 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டம், மின்கம்பங்களின் மீதே கம்பியை இழுத்துச் சென்றதால்தான் குறைந்த செலவில் சிற்றூர்களை எட்டியது. அது நல்ல யோசனை. ஆனால் கம்பம் சாய்ந்தால் மின்சாரமும் அதில் தொங்கும் இணைப்புகள் எல்லாமும் ஒருசேரப் போகும். இது சிற்றூருக்கு மட்டுமே உரிய இடர் அன்று. 2008 ஜனவரி 30ஆம் நாள், எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே, வெவ்வேறு அமைப்பினருக்கு உரிய இரண்டு கடலடிக் கம்பிகள் ஒரே நாளில் சேதமடைந்தன. மேற்கு நாடுகளுடனான இந்தியாவின் இணையத் தொடர்பு பெரிதும் பாதிக்கப்பட்டது. கம்பிகள் இரண்டாயினும் கடற்பாதை ஏறத்தாழ ஒன்றே.

வழி வேறாக இருக்கவேண்டும் என்றால், முதல் இணைப்பு கம்பியாயின் இரண்டாவது கம்பியில்லாததாக இருப்பதே சிறப்பு. 4ஜி அல்லது 5ஜி சிம் பொருத்திய ரூட்டர் எளிதில் கிடைக்கிறது. கோபுரத்துக்கும் மின்சாரம் தேவை என்பதை மட்டும் மறக்கலாகாது. நேர்பார்வையில் உயரமான இடம் கிடைத்தால் ரேடியோ இணைப்பும் ஏற்றதே. புவிநிலைச் செயற்கைக்கோள் இணைப்பில் தரவு ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்குவதால், ஒரு கேள்விக்குப் பதில் வர அரை விநாடிக்கு மேலாகும். பேச்சுக்கு அது தொல்லை; மின்னஞ்சலுக்கு ஒரு பொருட்டே அன்று.

அடுத்தது அடையாளம். சர்வரை வெளியுலகம் அறிவது அதன் ஐபி முகவரி வழியாகத்தான். சாதாரண சிம் இணைப்பில் பல சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் நிற்கிறார்கள். வெளியிலிருந்து வரும் கடிதம் நம் கதவைத் தட்ட வழியில்லை. நிலையான ஐபி முகவரியைத் தனியே கேட்டு, கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். இரண்டாவது வழிக்கும் அது கிடைத்துவிட்டால், டிஎன்எஸ் பதிவேட்டில் இரண்டு எம்எக்ஸ் பதிவுகள் இடலாம். முதல் இணைப்புக்கு 10, இரண்டாவதற்கு 20 என்று முன்னுரிமை எண் கொடுத்தால், அனுப்புவோர் சிறிய எண்ணை முதலில் முயன்று, அது கிட்டாதபோது பெரிய எண்ணுக்குத் தாமாகவே வருவார்கள். வெளியே போகும் கடிதங்களுக்கு இது போதாது. பெறும் நிறுவனங்கள் இரண்டைச் சரிபார்க்கின்றன: அந்த ஐபி முகவரியைத் திருப்பிக் கேட்டால் நம் சர்வரின் பெயர் வருகிறதா, நம் எஸ்பிஎஃப் பதிவில் அம்முகவரி இடம்பெற்றிருக்கிறதா? முதலாவதை இணைய நிறுவனந்தான் செய்து தரவேண்டும். எழுத்து மூலம் கேளுங்கள். இரண்டாவது நம் கையில் உள்ளது. இரு முகவரிகளையும் அப்பதிவில் முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும். புயல் நாளில் அதைச் செய்ய முயல்வது வீண்.

காளஹஸ்தியின் கண்ணப்பர் கதையை அறியாதார் இல்லை. மறு கண்ணையும் அகழ்ந்தால் அப்ப வேண்டிய இடம் தெரியாது போகும் என்று, பார்வை இருக்கும்போதே காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார் அவர். இரண்டாம் இணைப்புக்கான பதிவுகளை முதல் இணைப்பு உயிரோடிருக்கும்போதே செய்து வைப்பதும் அத்தகையதே.

நிலையான முகவரி கிடைக்காவிட்டாலும் சிம் இணைப்பு வீணாகாது. வெளியே போகும் கடிதங்களை, வாடகைக்குக் கிடைக்கும் அஞ்சல் இடைச்சேவை ஒன்றின் வழியே அனுப்பலாம். அச்சேவையையும் எஸ்பிஎஃப் பதிவில் சேர்த்திருக்க வேண்டும். வரும் கடிதங்கள் இணைப்பு மீளும்வரை அனுப்பியவரின் வரிசையில் காத்திருக்கும். சிலர் வேறொரு நகரில் ஒரு மாற்று சர்வரை வாடகைக்கு வைத்து, கடிதங்களை அங்கே வாங்கி வைக்கச் செய்கிறார்கள். காவல் குறைந்த பின்வாசல் என்று குப்பை அஞ்சல் அனுப்புவோர் அதைத்தான் முதலில் தட்டுவார்கள். முன்வாசலில் உள்ள அதே வடிகட்டிகளை அங்கும் வைக்க இயலாதவர்கள் இந்த ஏற்பாட்டைத் தவிர்ப்பதே நலம்.

இரண்டு இணைப்புகளையும் ஏற்று, ஒன்று அறுந்தால் மற்றதற்கு மாறும் ரூட்டரில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அருகிலுள்ள பெட்டி பதிலளிக்கிறதா என்று மட்டும் அது பார்த்தால், ஊருக்கு வெளியே கம்பி அறுந்ததை அறியாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். தொலைவிலுள்ள ஒரு முகவரியை அடிக்கடி விசாரிக்கும்படி அமைக்க வேண்டும். யுபிஎஸ்ஸில் கணினியைச் செருகிவிட்டு, சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நிகழும் பிழை. அந்தப் பெட்டிக்கும் ரூட்டருக்கும் சேர்த்தே மின்கலம் வேண்டும்.

இவையெல்லாம் வேலை செய்கின்றனவா என்பதை அறிய ஒரே வழி, வணிகம் மந்தமான ஒரு நாளில் முதல் கம்பியை நாமே பிடுங்கிப் பார்ப்பது. வெளி முகவரியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பி, ஒன்று பெற்று, எத்தனை நிமிடமாயிற்று என்று குறித்து வையுங்கள். சர்வர் பழுதானால் வரும் எச்சரிக்கை அதே சர்வரின் அஞ்சல்பெட்டிக்கே வராமல் கைப்பேசிக்கு வரட்டும். நிறுவனத்தின் டொமைன் பெயரைப் புதுப்பிக்கும் நினைவூட்டலும் அவ்வாறே வேறொரு முகவரிக்குப் போகவேண்டும். கணக்கில் பதிவான கைப்பேசி எண் இன்று உங்கள் கையில் உள்ளதுதானா என்பதைக் கிளையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணம் பறிபோனது தெரிந்தால் வங்கிக்கும், தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் உடனே சொல்லுங்கள். இரண்டுக்கும் மின்னஞ்சல் தேவையில்லை.