மலாக்கா ஆற்றோரம் பொய்யாத விநாயகர்

மலாக்கா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை செந்நிறக் கட்டடமும் அ ஃபாமோசா கோட்டை வாயிலும்தாம். படிவம் ஒன்றில் 1511, 1641, 1824 என்று ஆண்டுகளை மனனம் செய்த நானும், அந்நகரில் நம்மவர் சுவடு எங்கே என்று ஒருமுறைகூட ஆசிரியரிடம் கேட்டதில்லை. கடந்த விடுமுறையில் நண்பர்களோடு சென்றபோதுதான் அதற்கு விடை கிடைத்தது.

மலாக்கா ஆற்றின் ஒரு கரையில் ஆட்சியாளர்கள் கோட்டையும் மாளிகையும் எழுப்பினார்கள். டச்சுக்காரர்கள் 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயமும் அங்குதான் இருக்கிறது. பாலத்தைக் கடந்து மறுகரைக்குச் சென்றால் வணிகர்கள் வாழ்ந்த குறுகிய தெருக்கள். அவற்றுள் ஒன்று ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. அங்கே, உயர்ந்த இராஜகோபுரம் ஏதுமின்றி, கடைவீடுகளோடு கடைவீடாக அடக்கமாக நிற்கிறது ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். டச்சு அரசு வழங்கிய நிலத்தில், மலாக்கா செட்டிகளின் தலைவரான தெய்வநாயகம் செட்டி 1781இல் கட்டியது இது. நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்து ஆலயங்களுள் இதுவும் ஒன்று.

அதே தெருவில் சில அடி தூரத்தில், இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் உள்ளது. அதன் கோபுரத்தைப் பார்ப்பவர்கள் சீனர் கோயில் என்றே நினைப்பார்கள். இன்னும் சற்று நடந்தால் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனர் ஆலயம். 2008இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றதற்கு இந்த அண்டை அயல் வாழ்வும் ஒரு காரணம்.

மலாக்கா செட்டிகள் யார்? 19ஆம் நூற்றாண்டில் வட்டித்தொழில் செய்ய வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுல்தான்கள் காலத்திலேயே இத்துறைமுகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. வழிபடுவது சிவனையும் விநாயகரையும் மாரியம்மனையும். காஜா பெராங்கில் உள்ள இவர்களது கம்போங்கில் 1822இல் எழுந்த முத்துமாரியம்மன் ஆலயம் இருக்கிறது. அங்கு நடக்கும் அம்மன் திருவிழாவை இவர்கள் 'டத்தோ சாச்சார்' என்பார்கள். சாச்சார் என்றால் மலாயில் அம்மைநோய். பெயர் மலாயாகிவிட்டது, அம்மை தீர்க்கும் தாய் மாறவில்லை.

அந்தக் கம்போங்கில் ஒரு மூதாட்டியிடம் தமிழில் வணக்கம் சொன்னேன். தமக்குத் தமிழ் தெரியாது என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். உள்ளுக்குள் நான் கொஞ்சம் இரக்கப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன் என்ற பெருமை!

பிறகு அவர் 'பார்ச்சு' பற்றிச் சொன்னார். பொங்கலுக்கு முதல்நாள், மறைந்த முன்னோருக்குப் பிடித்த உணவுகளைச் சமைத்து வாழையிலையில் படைப்பார்களாம். பழங்கள் படைக்கும் பார்ச்சு ஆண்டின் நடுவில் வருமாம். சொல்லிவிட்டு, "உன் பாட்டனின் தாய்க்கு என்ன பிடிக்கும்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

எனக்கு அவர் பெயரே தெரியாது. தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதும் தெரியாது. மொழியை இழந்தவர் என்று நான் இரக்கப்பட்டவர், தம் முன்னோருக்குப் பிடித்த உணவுவரை நினைவில் வைத்திருக்கிறார்.

மொழி போனாலும் பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மூதாட்டியே, "எங்களுக்குத் தமிழ் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்," என்றார். கிடைத்த தமிழைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே என் கேள்வி.

நண்பர்களே, அடுத்தமுறை மலாக்கா சென்றால் செந்நிறக் கட்டடத்தின் முன் படம் பிடித்ததோடு திரும்பிவிடாதீர்கள். பாலத்தைக் கடந்து விநாயகரையும் கண்டு வாருங்கள். வீடு திரும்பியதும் பாட்டியின் அருகில் அமர்ந்து, அவருடைய தாயின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். நான் அன்றிரவே தொலைபேசியில் கேட்டுவிட்டேன்.