வெற்று அலைவரிசையும் வேகம் இழக்கும் தரவும்

பாடசாலைகள் மூடிக்கிடந்த 2021 இல், பதுளை மாவட்டத்து லுணுகலையில் பிள்ளைகள் இணைய வகுப்புக்காக மலையுச்சிக்குப் போய், மரத்தின் மேல் கட்டிய குடிலில் ஏறிய செய்தி வெளிநாடுகள் வரை போனது. நமுனுகுலை, பசறை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் மலை மறைத்த லயங்களுக்கு இந்தச் சிரமம் புதிதல்ல. கவரேஜ் வேண்டுமானால் மேட்டுக்குப் போக வேண்டும்.

இங்கே உதவக்கூடியது 'அறிவுணர் வானொலி'. ஜோசப் மிட்டோலா 1999 இல் முன்வைத்த கருத்து இது. ஓரிடத்தில் எந்த அலைவரிசை சும்மா கிடக்கிறது என்று கருவியே கண்டறிந்து, அதில் தரவை அனுப்பும். தொலைக்காட்சிக்கு ஒதுக்கி, அவ்விடத்தில் பயன்படாத அலைவரிசைகள் இதற்கு ஏற்றவை. 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீற்றர், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைக்கோ 12.5 சென்ரிமீற்றர்தான். நீண்ட அலை இலைதழைகளைக் கடந்து, மேட்டு விளிம்பில் ஓரளவு வளைந்து இறங்கும். மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டக் கிராமங்களில் மும்பை ஐ.ஐ.டி. இந்த அலைவரிசைகளைச் சோதித்திருக்கிறது.

ஆனால் உரிமையுள்ள ஒளிபரப்பு வந்துவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். 2011 இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.22 தரத்தின்படி, அதை 2 செக்கனுக்குள் கண்டறிய வேண்டும், பிறகு வேறு அலைவரிசைக்கு மாற வேண்டும். சிக்கல் இந்த மாற்றத்தில்தான் தொடங்குகிறது.

இணையத் தரவில் பெரும்பகுதியைச் சுமப்பது டி.சி.பி. விதிமுறை. 1986 இல் கலிபோர்னியாவில் ஓர் இணைப்பு நெரிசலில் சிக்கி, செக்கனுக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதன்பின் வான் ஜேகப்சன் 1988 இல் கொடுத்த தீர்வு எளிமையானது: பதில் வராவிட்டால் பாதையில் நெரிசல் என்று எடுத்துக்கொள், வேகத்தைக் குறை. கம்பி வழிக்கு அது சரி. அலைவரிசை மாறுவதால் வரும் மௌனத்தையும் டி.சி.பி. நெரிசல் என்றே நினைக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். முதல் காத்திருப்பு 1 செக்கன் என்க. பதில் இல்லையேல் மறுபடி அனுப்பி 2 செக்கன் காத்திருக்கும். அதுவும் போனால் 4. அதாவது 1, 3, 7 ஆவது செக்கன்களில்தான் முயலும். புதிய அலைவரிசை மூன்றரை செக்கனில் தயாராகிவிட்டாலும் 7 ஆவது செக்கன் வரை ஒரு தரவுப் பொட்டலம்கூடப் போகாது. பிறகும் ஒற்றைப் பொட்டலத்திலிருந்து ஏற வேண்டும். வானொலி தன் கடமையைச் செய்துவிட்டது. அதன் மேல் இயங்கும் டி.சி.பி.க்கு அது தெரியவில்லை.

தெரிவித்துவிட்டால் என்ன? சௌத்ரி, டி ஃபெலிசே, அக்யில்டிஸ் மூவரும் 2009 இல் முன்வைத்த டி.பி.-கிரான் விதிமுறையின் வழி அதுதான். அலைவரிசையைச் சோதிக்கிறோம், மாறுகிறோம் என்ற தகவல் தரவு அனுப்பும் அடுக்குக்கும் போகும். அது வேகத்தைக் கைவிடாமல் காத்திருந்து, புதிய அலைவரிசையின் கொள்ளளவுக்கு ஏற்பத் தொடரும்.

நம் தோட்டங்களுக்கு இன்னும் நடைமுறையான வழி உண்டென்பேன். எல்லாருடைய கைபேசியையும், தொலைதூர சேர்வர்களையும் மாற்ற முடியாது. வானொலி இணைப்பின் இரு முனைகளிலும் உள்ள பெட்டிகளே இந்த வேலையைச் செய்யட்டும். மாற்றம் தொடங்கும்போது பெட்டி, 'இப்போது இடமில்லை, பொறு' என்ற செய்தியை அனுப்புநருக்கு அனுப்பும். டி.சி.பி.யில் ஏற்கெனவே உள்ள வசதிதான் அது. அந்தப் பொறுத்தலில் வேகம் குறையாது.

இலங்கை 2014 இல் ஜப்பானிய டிஜிட்டல் தொலைக்காட்சி முறையைத் தெரிவு செய்தது. டிஜிட்டலுக்கு மாறுகையில் அலைவரிசைகளை மறுபடி பங்கிடும்போது தோட்டங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்தால், பதுளையிலேயே இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இதைச் சோதிக்கலாம். கவரேஜ் வருகிறதா என்பதோடு, அலைவரிசை மாறும் நேரத்தில் ஒரு கோப்பு போய்ச்சேர எத்தனை செக்கன் எடுக்கிறது என்பதையும் அளந்தே முடிவு செய்ய வேண்டும்.