மாட்டிடுச்சுன்னா பொருந்திடுச்சுன்னு அர்த்தமா? பழைய ராணுவ ஜீப்பும் மூணு புல்லியும்



இந்த வார எபிசோடுல டிபென்டென்சி சண்டைகளைப் பத்திப் பேசினோம். இன்ஸ்டால் ஆகுது, பில்டும் பாஸ் ஆகுது, ஆனா ப்ரொடக்‌ஷன்ல ரெண்டு நாள் கழிச்சு விழுது. இதே வியாதி இரும்புலயும் உண்டு. எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம், இரண்டாம் உலகப் போர் கால ஜீப்போட புல்லி. இங்க ரவுண்ட் ராக்ல பக்கத்துத் தெருக்காரர் ஒருத்தர் கராஜ்ல அப்படி ஒரு வண்டி வச்சிருக்கார். சனிக்கிழமை காலையில ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு.

பாட்டி ஊர்க் கிணத்துல கயிறு ஓடுற உருளையைப் பாத்திருப்பீங்க. புல்லி அதோட சொந்தக்காரன்தான். ஜீப் இன்ஜினோட முன்பக்கம் மூணு இருக்கும்: கீழே கிராங்க்சாஃப்ட்ல ஒண்ணு, அதுக்கு மேலே ஃபேனுக்கும் வாட்டர் பம்ப்புக்கும் பொதுவா ஒண்ணு, பக்கத்துல டைனமோவுல ஒண்ணு. மூணையும் சுத்தி ஒரே பெல்ட். அதாவது இன்ஜினைக் குளிரவைக்கிறதும், பேட்டரியை சார்ஜ் பண்றதும் அந்த ஒரு ரப்பர் பட்டையை நம்பித்தான் இருக்கு. டெக்சஸ் ஆகஸ்ட் வெயில்ல, அணிவகுப்புல நடை வேகத்துல போகும்போது அது வழுக்கினா, கொஞ்ச நேரத்துலயே ரேடியேட்டர் கொதிக்கும். அதைக் கவனிக்காம ஓட்டினா சிலிண்டர் ஹெட் வளையும்.

புல்லி ஏன் மாறிப் போகுது? இந்த ஜீப்பை வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூன்னு ரெண்டு கம்பெனிகள் செஞ்சாங்க. போர் முடியறதுக்குள்ள ரெண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல. ஒண்ணோட பாகம் இன்னொண்ணுல மாட்டணும்னு ராணுவம் வற்புறுத்துச்சு. ஃபோர்டு மட்டும் தன் பாகங்கள்ல, போல்ட்ல கூட, தன்னோட எஃப் எழுத்தைக் குத்தி விட்டுச்சு. அந்த ரெண்டுக்குள்ள மாத்திக்கிட்டா பிரச்சினை இல்லை. தலைவலி அதுக்கப்புறம் வந்தது. போருக்குப் பிறகு வந்த சிஜே ஜீப்புகள்லயும் அதே இன்ஜின் குடும்பம்தான். 1950கள்ல வந்த எம்38ஏ1, 24 வோல்ட் மின்சாரத்தோட, ஒரு அகலமான பெல்ட்டுக்குப் பதிலா ரெண்டு ஒல்லி பெல்ட் போட்டு வந்துச்சு. அப்புறம் 12 வோல்ட்டுக்கு மாத்தறேன்னு ஏதோ ஒரு காரோட ஆல்டர்னேட்டரை மாட்டினவங்க ஏராளம். 80 வருஷத்துல எத்தனை கை மாறியிருக்கும்! கிராங்க்சாஃப்ட்ல உள்ளே போற வரைக்கும் எல்லாமே சரிபோலத்தான் தெரியும்.

நம்ம பக்கமும் இதே கதைதான். மஹிந்திரா 1947ல வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுல கோர்க்க ஆரம்பிச்சாங்க. சிஜே-3பி மாடலை அமெரிக்கா 1968ல நிறுத்தின பிறகும் அவங்க தொடர்ந்து செஞ்சாங்க. பின்னால வந்த அவங்க ஜீப்புகள்ல பெஜோ டீசல் இன்ஜின் வந்துச்சு. லீவுக்குப் போனப்போ சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்ல குலுங்கிக்கிட்டே ஏறியிருக்கீங்களா? அடுத்த தடவை டிரைவர் அண்ணன்கிட்ட பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்க.

சரி, மாறினதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்ஜினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழட்டிட்டு, முதல்ல பெல்ட் உக்காந்திருக்கிற விதத்தைப் பாருங்க. வி வடிவக் காடியில பெல்ட் ரெண்டு பக்கச் சுவரைத்தான் பிடிக்கணும், அடியைத் தொடவே கூடாது. ஆப்பு அடிச்ச மாதிரி இறுகுறதாலதான் அதுக்கு அந்தப் பலம். காடியோட கோணம் 38 டிகிரின்னா, தட்டையான புல்லியை விடப் பிடிமானம் கிட்டத்தட்ட 3 மடங்கு. அகலமான காடியில ஒல்லி பெல்ட் போட்டா அது அடியில போய் உக்காரும், ஆப்பு வேலை செய்யாது. காடியோட அடிப்பாகம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா அதுதான் சாட்சி. ஒல்லி காடியில அகல பெல்ட் போட்டா தலையைத் தூக்கிட்டு நிக்கும், ஓரம் மட்டும் தேயும். போர்க்கால ஜீப்புல நவீன ஆல்டர்னேட்டர் மாட்டினவங்ககிட்ட நான் அதிகமாப் பாக்கிறது இந்த ரெண்டாவது வகைதான். இதுல ஒரு விதிவிலக்கு: புல்லி சரியானதா இருந்தாலும் சுவர் தேஞ்சு குழிஞ்சிருந்தா பெல்ட் கீழே இறங்கும். நேரான ஒரு தகட்டைச் சுவர்ல வச்சுப் பாருங்க. 1/32 அங்குலத்துக்கு மேல இடைவெளி தெரிஞ்சா அதுக்கு ஓய்வு கொடுத்துடலாம்.

வழுக்குதேன்னு பெல்ட்டை இன்னும் இறுக்கறவங்களைப் பாத்தா எனக்குக் கோபமே வரும். சத்தம் நிக்கும். பதிலுக்கு வாட்டர் பம்ப் பேரிங் போகும்.

அடுத்தது நேர்கோடு. நம்ம கொத்தனார் நூல் பிடிப்பாரே, அதேதான். கிராங்க் புல்லியோட முகத்துல நூலை இழுத்துப் பிடிச்சு, மத்த ரெண்டையும் பாருங்க. விளிம்போட தடிமன் புல்லிக்குப் புல்லி மாறும். அதனால நூல்லேருந்து காடியோட நடு வரைக்கும் அளங்க. பொதுக் கணக்கு, ஒரு அடி தூரத்துக்கு 1/10 அங்குல விலகல் வரை பரவாயில்லை. இங்க புல்லிகளுக்கு நடுவுல ஒரு அடி தேறுறதே கஷ்டம். ஆகவே தச்சர் சொல்ற ஒரு நூல், அதாவது 1/8 அங்குலம் விலகியிருந்தாலே அதிகம்.

விட்டத்தை யாரும் அளக்க மாட்டாங்க, ஆனா சத்தமே போடாம கெடுக்கிறது அதுதான். ஒரு உதாரணக் கணக்கு: கிராங்க்ல 6 அங்குலம், டைனமோவுல 3 அங்குலம்னா டைனமோ ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தும். இன்ஜின் 600 சுத்து ஓடும்போது அது 1200. அதே இடத்துல 4 அங்குலப் புல்லியை மாட்டினா வெறும் 900. பழைய டைனமோவுக்கு அந்த வேகம் போதலைன்னா சார்ஜே ஆகாது. நீங்க புது பேட்டரி, புது ரெகுலேட்டர்னு வாங்கிட்டே இருப்பீங்க. பின்னால வந்த சில இன்ஜின்கள்ல டைமிங் குறியே கிராங்க் புல்லியிலதான் இருக்கும். வேற வண்டிப் புல்லின்னா அந்தக் குறியும் பொய் சொல்லும்.

எண்களையும் படிக்கலாம், கொஞ்சம் சந்தேகத்தோட. ஃபோர்டு எண்கள்ல நடுப் பகுதிதான் பாகத்தோட பேர்: 6312ன்னா கிராங்க் புல்லி, 8620ன்னா ஃபேன் பெல்ட். முன்னால ஜிபிடபிள்யூன்னு இருந்தா அது எந்த வண்டிக்குன்னு சொல்லுது. நேம்ஸ்பேஸ் மாதிரி. வார்ப்புல மேடா வந்திருக்கிற எண் வேற விஷயம். அது வார்த்த அச்சோட எண். ஒரே வார்ப்பைக் கடைசல்ல ரெண்டு விதமாக் கடைஞ்சிருக்கலாம். கிளாஸ் பேரைப் பாத்து ஆப்ஜெக்ட்டுக்குள்ள என்ன இருக்குன்னு முடிவு பண்ற கதைதான். அதனால வெர்னியர் சொல்றதைத்தான் நான் நம்புவேன். ஒப்பிட்டுப் பாக்கணும்னா போர்க்கால மேனுவல் டிஎம் 9-803 இருக்கு. இந்த ஜீப்புக்கான பாகப் பட்டியலோட ராணுவ எண் ஜி-503. தேடும்போது அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்க. போர்க்கால வண்டிகளைக் கண்ணால பாக்க ஆசைன்னா, ஆஸ்டின்ல கேம்ப் மேப்ரிக்குள்ள டெக்சஸ் மிலிட்டரி ஃபோர்சஸ் மியூசியம் இருக்கு. இன்னும் நடப்புல இருக்கிற ராணுவ வளாகம், ஃபோட்டோ ஐடி மறக்காதீங்க.

கடைசியா, புது பெல்ட். பழசைக் கடையில காட்டி அதே நீளம் கேக்காதீங்க, அது தப்பான புல்லிக்கு வாங்கினதா இருக்கலாம். முதல்ல மூணு புல்லியையும் சரிபண்ணுங்க. டைனமோவை அதோட நகர்வுக்கு நடுவுல நிறுத்தி, மூணையும் சுத்தி ஒரு கயிறைப் போட்டு அளங்க. அந்த அளவையும் காடியோட அகலத்தையும் எழுதி எடுத்துட்டுக் கடைக்குப் போங்க.